பின்பாரம்

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உன் கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. காரோடு வந்த கையேட்டுப் புத்தகத்துக்குள் இதை வைக்கப்போகிறேன். நம் வீட்டில் அந்தப் புத்தகத்தை என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை. நீ திறப்பாய் என்று ஒரு நம்பிக்கை. இதை எழுதும்போது உனக்குப் பதினொரு மாதம். மேசைக்கு அடியில் உட்கார்ந்து என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். போன வாரம்தான் உனக்குக் காது குத்தினோம். ஆனால் குழந்தைக்குச் சொல்வது போல இழுத்து இழுத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் வளர்ந்த உனக்கே நேராக எழுதுகிறேன். விஷயம் இரண்டு. ஒன்று, நம் சின்னக் காரில் கனத்தை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது எப்படித் திரும்பும் என்பது. இன்னொன்று, உன் மாமன் செல்வத்தை நான் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்தது. இரண்டும் ஒரே நாளில் நடந்தன. அந்த நாளால், உன்னை மடியில் வைத்துக் காது குத்த உன் மாமன் வருவானா மாட்டானா என்று ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் போனது.

முதலில் கார். எஞ்சின், கியர் பெட்டி எல்லாம் முன்னால் இருக்கின்றன. முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன, அவையேதான் திரும்புகின்றன. பின்னால் இருப்பது ஒரு சீட்டும், ஒரு டிக்கியும், மெல்லிய தகடும். அதனால் ஆள் இல்லாதபோது வண்டி மூக்குக் கனமாக இருக்கும். அது குறை இல்லை, நல்லது. இறகுப்பந்தை எடுத்துத் தலைகீழாக எறிந்து பார்: பாதி வழியில் தானாகவே புரண்டு, கனமான தக்கை முன்னாலும் இறகு பின்னாலுமாகப் போகும். கனம் முன்னால் இருந்தால் ஓடுகிற பொருள் நேராக ஓடும். கனத்தைப் பின்னால் கட்டிவிட்டால் அந்தப் பின்புறம் முன்னால் வரத் துடிக்கும். கேஸ் சிலிண்டரை ஸ்கூட்டரின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாயா? ஹேண்டில் பஞ்சு மாதிரி ஆகிவிடும்; முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். காரில் இது அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. அதுதான் ஆபத்து. நேராகப் போகும் வரை வண்டி உன்னிடம் எதையும் சொல்லாது, சமத்தாகப் போகும். திடீரென்று ஒரு முறை திருப்ப வேண்டி வரும்போதுதான் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும்.

உன் அம்மாவுக்கு ஏழாம் மாதம் நம் வீட்டில் வளைகாப்பு. முடித்து, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, வாடிப்பட்டிக்கு அவள் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ரோடு நல்ல ரோடுதான், இருந்தாலும் உன் அம்மாவுக்குக் குலுங்கக் கூடாது என்று எனக்கு ஒரே கவலை. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தின நாள் மாலை, பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்றைக் குறைத்தேன். முப்பது இருந்ததை இருபத்து நாலுக்கு இறக்கினேன். டயர் மெத்தென்று இருந்தால் பள்ளம் மேடு தெரியாது இல்லையா? நான் மெக்கானிக்கல் படித்தவன். ஸ்பிரிங்கைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கண்ணுக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது: இரண்டு பேர் போனால் பின்சக்கரத்துக்கு இவ்வளவு காற்று, வண்டி நிறைய ஆளும் சாமானும் போனால் இவ்வளவு என்று. நிறைய ஏற்றினால் கூட்ட வேண்டும், முப்பத்தாறு. அந்த ஸ்டிக்கரைப் பார்த்தபடியேதான் நான் குறைத்தேன். பிரியம் வந்தால் படிப்பு எவ்வளவு தூரம் ஓடிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் டிக்கியில் சாமான் ஏற்றியது உன் மாமன். பரவை மார்க்கெட்டில் லோடு வேன் ஓட்டுகிறவன். வெங்காயமும் தக்காளியும் ஒரே வண்டியில் ஏற்றி, ஒரு பழம்கூட நசுங்காமல் இறக்குவான். அன்று வேனை மார்க்கெட்டில் விட்டுவிட்டு பைக்கில் வந்திருந்தான். அரிசி மூட்டையைத் தரையோடு தரையாக, பின்சீட்டின் முதுகை ஒட்டிப் படுக்க வைத்தான். அதற்கு மேல் தேங்காய்ச் சாக்கு. பித்தளைக் குடம், தூக்குவாளி, குத்துவிளக்கு எல்லாம் அதற்குப் பின்னால். டிக்கிக் கதவை ஒட்டிப் பழத்தட்டும் பூவும் மட்டும். நான் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினேன்.

"எம்புட்டு நேரம் மாப்ள? என்னமோ கப்பல்ல ஏத்துற மாதிரி ஏத்துற?"

"இருங்க மச்சான். கனத்தைக் கடைசியில வைக்கக் கூடாது. பின்பாரம் ஏறிரும்."

"பின்பாரமா? இது என்ன மாட்டு வண்டியா, நுகத்தடி தூக்கிக்கிட்டு மாட்டுக் கழுத்தை நெரிக்கிறதுக்கு? இதுக்கு லோடு டிஸ்ட்ரிபியூஷன்னு பேரு. நாங்க ரெண்டு செமஸ்டர் படிச்சோம்."

"அப்படியா? அதுல கனத்தை எங்க வைக்கச் சொல்லிருக்கு?"

"முன்னாடி."

"நான் மட்டும் என்ன சொல்றேன்?" என்று சிரித்துவிட்டுக் கைகழுவப் போனான்.

அவன் உள்ளே போனதும் நான் ஒன்று செய்தேன். வாடிப்பட்டி வீட்டில் கரண்ட் போனால் உன் அம்மாவுக்குக் காற்றாடி ஓட வேண்டும் என்று இன்வெர்ட்டருக்கு ஒரு புது பேட்டரி வாங்கி வைத்திருந்தேன். ஐம்பத்தைந்து கிலோ. எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் முன்சீட்டுப் பக்கம் வளையல் தட்டு, மாலை, பெண்கள் கூட்டம். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைய எனக்குப் பொறுமை இல்லை. டிக்கியைத் திறந்து, பூவையும் பழத்தட்டையும் எடுத்து முன்சீட்டில் வைத்துவிட்டு, பேட்டரியைத் தூக்கிக் கதவை ஒட்டிக் கடைசியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பின்சீட்டின் நடுவில் உன் அம்மா, இரண்டு பக்கமும் அவள் பெரியம்மாவும் சித்தியும். பெல்ட் வயிற்றை அழுத்தும் என்று முன்சீட்டில் அவளை உட்கார விடவில்லை. முன்சீட்டில் பூ. மூக்குக் கனமான வண்டியை, நாங்கள் எல்லாரும் சேர்ந்து, ஆளுக்கொரு அன்பாக வைத்து, வால் கனமான வண்டியாக்கினோம்.

பரவை தாண்டியதும் நால்வழிச் சாலை. எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் லேசாக இருந்தது. அது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. வாடிப்பட்டிக்குச் சற்று முன்னால், நடுத்தடுப்பின் இடைவெளியிலிருந்து ஒரு பைக் குறுக்கே வந்தது. இடது பக்கம் ஒடித்தேன். முதலில் மூக்கு வரவில்லை. நான் திருப்பிவிட்டேன், வண்டி யோசித்தது. பிறகு வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை. பயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். திருப்பத்தில் காலை எடுத்தால் கனம் முன்னால் சாயும், பின்சக்கரங்களின் பிடி இளகும். ஏற்கெனவே காற்றுக் குறைந்து, சுமை கூடிப் பிதுங்கிக்கொண்டிருந்த பின்டயர்கள் அதற்காகவே காத்திருந்தது போல வலது பக்கம் வழுக்கின. நான் வலதில் திருப்பினேன், வால் இடதுக்கு வந்தது. மறுபடி இடது, மறுபடி வால். பெரியம்மா சாமி பெயரைச் சொல்லிக் கத்தினாள். உன் அம்மா கத்தவில்லை; இரண்டு கையாலும் உன்னைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்தேன். வண்டி ஓர மண்ணில் இறங்கி, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது. கருவேல முள் பக்கக் கண்ணாடியைக் கீறியிருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பைக்கில் வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

பின்னாலேயே பைக்கில் வந்த செல்வம் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். முதலில் அக்காவை இறக்கினான், தண்ணீர் கொடுத்தான். பிறகு டிக்கியைத் திறந்தான், சாய்ந்து கிடந்த குடத்தைப் பார்த்தான், மூடினான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். அதற்குள் இன்னொரு வண்டியில் வந்த நம் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "என்ன மாப்பிள்ளை, என்ன ஆச்சு? இப்படியா ஓட்டுறது?" என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பயத்தை மறைக்க ஒரே வழி கத்துவதுதான் என்று தோன்றியது.

"என்னைக் கேக்காதீங்க, இவனைக் கேளுங்க. டிக்கியில இம்புட்டுக் கனத்தை ஏத்தினா வண்டி எப்படி நிக்கும்? லோடு ஏத்தத் தெரியாதவனை நம்பி விட்டது என் தப்பு."

லோடு ஏற்றி வயிறு கழுவுகிறவனைப் பார்த்து இப்படிச் சொன்னேன். அவன் வாயைத் திறப்பான், அவனை இன்னும் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவன் அக்கா முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "சரி, சாஞ்ச சாமானை நான் நிமித்தி வைக்கிறேன், நீங்க மெதுவாப் போங்க" என்றான். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை அவனேதான் இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறான். எனக்கு அது உறைக்கவே இல்லை. மறந்துபோனேன் என்று சொல்ல மாட்டேன். நினைக்க மறுத்தேன்.

அதற்குப் பிறகு செல்வம் நான் இருக்கிற இடத்துக்கு வருவதில்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தான்; நான் மருந்து வாங்கப் போயிருந்த பத்து நிமிடத்தில் உன்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மார்க்கெட்டில் அவனுக்கு 'குடம் சாச்ச செல்வம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள் என்று உன் அம்மா சொன்னாள். இரண்டு பேர் வாடகைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். காதுகுத்துக்கு நாள் குறிக்கும் பேச்சு வந்தபோது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "மடிக்கு யாரைக் கூப்பிடப் போறீங்க? வாடகைக்கு மாமன் கெடைப்பானா?"

நான் உடனே போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. நான் சொன்னது சரி என்று நிரூபிக்கப் போனேன். மூளை அப்படி. குடமும் அரிசியும் எவ்வளவு கெடுத்தன என்று எண்ணில் காட்டினால் எல்லாரும் வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். கூடவே, உண்மையைச் சொன்னால், எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளவும் வேண்டியிருந்தது. கனம் எங்கே போகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பரவை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லாரி எடைமேடைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பிறகு முழு வண்டிக்கு ஒரு எடை. இரண்டையும் கழித்தால் பின்சக்கரத்தின் எடை. இவ்வளவுதான் வித்தை.

எடைமேடைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "காய் எங்கண்ணே?"

"காய் இல்லண்ணே. காரைத்தான் எடை போடணும்."

"பழைய இரும்புக்கா?"

"ஓடுற வண்டிண்ணே. முன்னாடி எம்புட்டு, பின்னாடி எம்புட்டுன்னு பாக்கணும்."

"பாத்து?"

அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். என்னோடு வெறும் வண்டி: முன்னால் ஐந்நூற்று நாற்பது, பின்னால் முந்நூற்று ஐம்பது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆள் கனத்துக்கு மூணு மூட்டை கெடைக்குமாண்ணே?" என்றேன். அவர் எனக்குப் பின்னால் பார்த்துக் கத்தினார்: "ஏப்பா செல்வம்! அந்த வெங்காய மூட்டையில நாலஞ்சு இங்குட்டுக் கொண்டா. இந்தண்ணனுக்கு என்னமோ கிறுக்குப் பிடிச்சிருக்கு."

உன் மாமன் வேனிலிருந்து இறங்கினான். என்னைப் பார்த்தான். காரைப் பார்த்தான். என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். மூன்று மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தான். நடுவில் இருந்த மூட்டையைக் கொஞ்சம் சரித்து, விழாமல் பெல்ட்டை மாட்டினான். இன்னும் இரண்டு சிறு மூட்டைகளை டிக்கியில், அன்று அரிசியும் தேங்காயும் குடமும் இருந்த அதே இடத்தில் வைத்தான். எடை போட்டோம். முன்னால் ஐந்நூற்று அறுபத்தைந்து, பின்னால் ஐந்நூற்று எழுபத்தைந்து. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இந்த வண்டி தாங்கும். சரியான காற்றும் நிதானமான காலும் இருந்தால் ஒரு பைக் என்ன, இரண்டு பைக்குக்கும் ஒதுங்கும். அவன் ஏற்றிய சுமையில் ஒரு தவறும் இல்லை என்று என் கையிலேயே சீட்டு இருந்தது.

"அம்புட்டுதானே மச்சான்? நான் கெளம்பவா?"

"ம். அம்புட்டுதான்."

அவன் போன பிறகு மிச்சத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. வேனிலிருந்து இன்னொரு மூட்டையைத் தூக்கி வந்து, டிக்கிக் கதவை ஒட்டிக் கடைசியில் தொப்பென்று வைத்தான்.

"இந்த எடத்துல பேட்டரில்ல இருந்துச்சு? அம்பத்தஞ்சு கிலோ. இது சரியா இருக்கும், இப்பத்தான் நிறுத்தேன். போட்டுப் பாருங்க."

எடைமேடைக்காரர் எண்ணைச் சொன்னது காதில் விழுந்தது. முன்னால் ஐந்நூற்று ஐம்பது, பின்னால் அறுநூற்று நாற்பத்தைந்து. இதைக் கவனி: வைத்தது ஐம்பத்தைந்து. பின்னால் கூடியது எழுபது. முன்னால் குறைந்தது பதினைந்து. பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே வைக்கிற கனம், தன் எடையோடு நிற்காது; மூக்கைத் தூக்கி அங்கிருந்தும் கொஞ்சம் திருடிப் பின்னால் போடும். சைக்கிளில் கேரியரின் நுனியில் உட்கார்ந்தாலும் இதேதான். இரண்டு செமஸ்டர் படித்தும் நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். அந்த நிலையிலும், மகளே, ஒரு நொடி எனக்கு அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! பிறகுதான் வெட்கம் வந்தது.

"தெரிஞ்சும் ஏன்டா அன்னைக்குச் சொல்லல?"

"டிக்கியத் தெறந்தப்பவே பாத்துட்டேன். எங்கக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது முன்னாடி, பத்துப் பேர் முன்னாடி, உங்க மாப்பிள்ளைதான் காரணம்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வருசம் இருந்தேன்."

"இன்னொண்ணும் இருக்கு மாப்ள. பின்டயர்ல..."

"காத்தைக் கொறைச்சிருந்தீங்க. மிதிச்சுப் பாத்தேன், தெரிஞ்சுச்சு. அது எதுக்குன்னுதான் இன்னைக்கு வரைக்கும் புரியல."

"உங்க அக்காவுக்குக் குலுங்கக் கூடாதுன்னு."

அவன் சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வேனில் வைத்தான். கடைசி மூட்டையோடு திரும்பி, "இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய மச்சான்? எனக்குத்தான் தெரியுமே. எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க" என்றான்.

"காதுகுத்துக்கு வருவியா?"

"பிள்ளைக்கு வருவேன்."

அவன் வந்தான். சீர்த்தட்டோடு, புதுச்சட்டையோடு, பேசாமல் வந்தான். நீ அவன் மடியில். ஆசாரி உன் வலது காதைக் குத்தினார். நீ அலறினாய். அன்று சாலையில் நின்ற அதே பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். காலையிலிருந்து சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நான் நான்கு முறை தொண்டையைச் செருமியிருந்தேன். ஒரு காது முடிந்துவிட்டது, இன்னொன்றும் முடிந்தால் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆசாரி இடது காதைப் பிடித்தபோது, சம்பந்தமே இல்லாமல், சத்தமாக ஆரம்பித்தேன். "அன்னைக்கு வண்டி சுத்துனதுக்குச் செல்வம் காரணம் இல்ல. அவன் ஏத்துன லோடு சரி. எடை போட்டுப் பாத்துட்டேன். கடைசியில பேட்டரிய வச்சது நான். பின்டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டதும் நான்தான். அவனுக்கு அப்பவே தெரியும். எனக்காகத்தான் வாயத் தெறக்கல."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அன்று காரில் இருந்த பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"காத்தையா பிடுங்குனீக? எதுக்கு மாப்பிள்ளை?"

"பிள்ளைத்தாச்சிக்குக் குலுங்கக் கூடாதுன்னு பெரியம்மா."

"அடப்பாவி மனுசா! குலுங்கக் கூடாதுன்னா மெதுவாப் போக வேண்டியதுதானே? அதுக்கு எந்தக் காலேசுல படிச்சீக?"

செல்வத்துக்கு முதலில் தோள் ஆடியது. அடக்கினான். முடியவில்லை. ஒரு வருடமாக அடக்கியது மொத்தமும் சிரிப்பாக வந்தது, அவன் தொடை குலுங்கியது, மடியில் நீ குலுங்கினாய், ஆசாரி, "ஆடாதீங்கப்பா, ஆடாதீங்கப்பா!" என்று கத்திக்கொண்டே குத்திவிட்டார்.

அதனால்தான் உன் இடது காதுத் துளை வலது காதுத் துளையைவிட ஒரு நூல் மேலே இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் தெரியும். கம்மல் வாங்கும் கடைகளில் எல்லாம் கேட்பார்கள். உன் அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறாள். நான் வேறு பக்கம் பார்ப்பதில்லை.

அன்று மாலை திரும்பும்போது டிக்கியில் சாமான் ஏற்றியது செல்வம்தான். நான் அவசரப்படுத்தவில்லை. ஏற்றி முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே பின்டயர் இரண்டையும் ஒவ்வொரு மிதி மிதித்தான். முப்பத்தாறு இருந்தது. மூன்று எடைச்சீட்டுகளையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மை மங்கிப் போயிருக்கும், எண்களைத்தான் மேலே எழுதிவிட்டேனே. உனக்கு வண்டி வரும்போது ஒருவேளை அதில் எஞ்சினே இருக்காது, கனமெல்லாம் தரைக்கடியில் பேட்டரியாகப் படுத்திருக்கும். அதன் குணம் வேறாக இருக்கும், நீயே எடை போட்டுக் கண்டுபிடி, எனக்கும் சொல். ஆனால் யாரையாவது குறை சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னால் டிக்கியைத் திற. கடைசியில் இருப்பது யார் வைத்தது என்று பார்.

போ. சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது. முதலில் காற்று.